ரூட் கடவுச்சொல் இல்லாமல் ஓர் எடிட்டர்

பெரியோர்களே, ஆசிரியர்களே, உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கிற பிள்ளைகளே, ஒலுவிலிலும் சம்மாந்துறையிலும் பல்கலைக்கழகம் போய்வருகிற தம்பி தங்கைமாரே,

யுனிக்ஸ் வகை இயங்குதளம் ஒன்றில் ஒரு டெக்ஸ்ட் எடிட்டரை மூலநிரலிலிருந்து நம் கையாலேயே கட்டி நிறுவுவது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு. தலைப்பைச் சொன்னதுமே பின்வரிசையில் ஒருவர், "ஆப்ட் இன்ஸ்டால் எண்டு ஒரு வரி அடிச்சாக் காணுமே மச்சான்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னது எனக்கும் கேட்டது. அவர் சொல்வது சரி. சொந்த லெப்டொப்பும், கணினியின் முழு அதிகாரத்தையும் தருகிற ரூட் கடவுச்சொல்லும், நல்ல இணைய இணைப்பும் உள்ளவருக்கு அந்த ஒரு வரி காணும். இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் எத்தனை பேருக்கு அந்த மூன்றும் ஒருசேரக் கிடைக்கிறது?

ஆய்வுகூடக் கணினியில் உங்களுக்கு இருப்பது சாதாரண பயனர் கணக்கு. அதில், பொதிகளை நிறுவுகிற ஆப்ட் கட்டளையைக் கொடுத்தால் அனுமதி இல்லை என்று ஒரு வரி வரும். அனுமதி உள்ளவர் விடுமுறையில் இருப்பார். இது ஒரு நிலைமை. இன்னொன்று, இணையம் இல்லாத நிலைமை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் மின்சாரமும் தொலைபேசியும் எப்படிக் கிடந்தன என்பதை இங்கே உள்ள பெரியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது நம்முடைய அம்பாறை மாவட்டம்தான். அந்த நாட்களில் கொழும்பில் லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷனைச் சேர்ந்தவர்களும் தொண்டர்களும் இரவு பகலாக எழுதிய கட்டற்ற மென்பொருள்தான் சஹானா. காணாமல் போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதிவு செய்வதற்கு எழுதப்பட்டது. மறு வருடம் பாகிஸ்தானில் பூமி அதிர்ந்தபோது அங்கேயும் போனது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூகப் பயனுள்ள திட்டங்களுக்குக் கொடுக்கிற விருதை 2006ஆம் ஆண்டுக்காகப் பெற்றது. அப்படி ஒரு மென்பொருள் ஓடுகிற சேவையகத்தைப் பேரிடருக்கு நடுவில் பராமரிக்கிறவர், அமைப்புக் கோப்பு ஒன்றில் ஒரு வரியைத் திருத்த வேண்டி வந்தால், அவருக்கு முன்னால் இருப்பது ஒரு கறுப்புத் திரையும் ஓர் எடிட்டரும்தான். இணைப்பு அறுந்த நாளில் ஆப்டுக்கு வழியில்லை. பென் டிரைவில் இருக்கிற மூலநிரலுக்கு இணைப்பே தேவையில்லை.

மூன்றாவது நிலைமை உண்டு. இந்தக் கரையில் உள்ள நமக்கு அதுதான் முக்கியம் என்பது என் அபிப்பிராயம். ஆயத்தமாக வருகிற பொதியில் எந்த வசதி இருக்க வேண்டும், எது வேண்டாம் என்பதை யாரோ ஒருவர் எங்கோ இருந்து தீர்மானித்திருக்கிறார். டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் வி என்று அடித்தால் வருவது பெரும்பாலும் விம் எடிட்டரின் ஆகச் சிறிய வடிவம். இடம் மிச்சம் பிடிப்பதற்காகப் பலதையும் வெட்டியிருப்பார்கள். அறபு எழுத்துகளை வலமிருந்து இடமாகச் சேர்த்துக் காட்டுகிற வசதி விம்மில் உண்டு. இந்தச் சிறிய வடிவத்தில் அது கிடையாது. தமிழை அறபு எழுத்தில் எழுதுகிற அறபுத்தமிழில் கிதாபு எழுதி வைத்துப்போனவர்களின் ஊரில் இருந்துகொண்டு அந்த வசதியை எங்கோ ஒருவர் வெட்டிவிட்டார் என்று சும்மா இருக்கலாமா? விம்மை நாமே கட்டும்போது, கட்டுமுன் தெரிவுகளைச் சொல்கிற கன்ஃபிகர் கட்டத்தில் வசதிகளை முழுமையாக, அதாவது ஹியூஜ் என்ற அளவில் கேட்டால் அதுவும் சேர்ந்து வரும். பிறகு விம்முக்குள் செட் அராபிக் என்று கொடுத்தால் போதும்.

எடிட்டர்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யுனிக்ஸின் முதல் எடிட்டர் ஈடி. 1969இல் கென் தொம்ஸன் எழுதியது. பிழை நேர்ந்தால் ஒரே ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கும். என்ன பிழை என்று சொல்லாது. 1976 அளவில் பெர்க்லியில் மாணவராக இருந்த பில் ஜோய் எழுதியதிலிருந்து வளர்ந்ததுதான் வி. அவருடைய வீட்டு இணைப்பின் வேகம் நொடிக்கு 300 பிட். அதாவது ஏறத்தாழ முப்பது எழுத்து. எண்பது எழுத்தகலத்தில் இருபத்துநான்கு வரித் திரையை ஒரு தடவை நிரப்ப ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதனால்தான் வியில் பெரும்பாலான கட்டளைகள் ஓரெழுத்து, ஈரெழுத்து. எச், ஜே, கே, எல் விசைகளில் கர்சர் நகர்வதற்கும் காரணம் உண்டு. அவர் பாவித்த ஏடிஎம்-3ஏ முனையத்தில் அம்புக்குறிகள் அந்த நான்கு விசைகளின் மேல்தான் அச்சிடப்பட்டிருந்தன. 1985இல் ரிச்சர்ட் ஸ்டோல்மனின் குனு ஈமாக்ஸ். 1991இல் நெதர்லாந்தின் பிராம் மூலனார் வெளியிட்ட விம். 1999இல் தொடங்கிய நனோ. புதிதாகப் படிக்கிறவருக்கு நனோ போதும். இன்று நாம் கட்டப் போவதும் அதுதான். கட்டளைகளை நான் வாயால் சொல்கிறேன். திரையில் எழுத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நனோவின் மூலநிரல் ஒரு சுருக்கிய கோப்பாக வரும். கோப்பின் பெயர் டார் எக்ஸ்இசட் என்று முடியும். அளவு சுமார் இரண்டு மெகாபைட். கலியாண வீட்டுப் படம் ஒன்றைவிடக் குறைவு. டார் எக்ஸ்எஃப் கட்டளையால் விரித்தால் ஒரு கோப்புறை வரும். அதற்குள் போய், வேறு எதையும் செய்யுமுன் ரீட்மீ, இன்ஸ்டால் என்ற இரண்டு கோப்புகளையும் வாசியுங்கள். நம் பிள்ளைகள் இதை வாசிப்பதே இல்லை. யூடியூப் பார்த்துக் கட்டளையை மட்டும் கொப்பி பண்ணுகிறார்கள். அந்த வீடியோவில் இருப்பவரின் கணினி வேறு, உங்களுடையது வேறு.

அடுத்தது கன்ஃபிகர். புள்ளி, சாய்கோடு, கன்ஃபிகர். முன்னால் ஏன் புள்ளியும் சாய்கோடும்? நீங்கள் அடிக்கிற கட்டளைகளை வாங்கி ஓட்டுகிற ஷெல், ஒரு கட்டளையைத் தேடும்போது நீங்கள் நிற்கிற கோப்புறையில் தேடாது. பாத் என்ற மாறியில் பட்டியலிட்ட இடங்களில் மட்டும்தான் தேடும். இதோ இங்கேயே இருக்கிற கன்ஃபிகரை ஓட்டு என்று சொல்வதற்குத்தான் அந்தப் புள்ளி. இது நல்ல ஏற்பாடு. இல்லாவிட்டால், கோப்புகளைப் பட்டியலிடுகிற எல்எஸ் கட்டளையின் பெயரில் ஒருவன் ஒரு கோப்பை உங்கள் கோப்புறையில் போட்டுவைத்து உங்களையே ஓட்டச் செய்யலாம்.

கன்ஃபிகரோடு சேர்த்து ஒரு சொல் கொடுக்க வேண்டும்: பிரிஃபிக்ஸ். எங்கே நிறுவுவது என்பதை அது தீர்மானிக்கும். ஒன்றும் கொடுக்காவிட்டால் யூஎஸ்ஆர்-லோக்கல் என்ற பொது இடத்தில் நிறுவப் பார்க்கும்; அங்கே எழுத உங்களுக்கு அனுமதி இல்லை. ஆகவே பிரிஃபிக்ஸாக உங்கள் ஹோம் கோப்புறைக்குள் இருக்கும் டாட்-லோக்கலைக் கொடுங்கள். அது உங்கள் வளவு. அங்கே எதை வைத்தாலும் அதே கணினியைப் பாவிக்கிற மற்றவருக்கு ஓர் இடைஞ்சலும் வராது. பிடிக்காவிட்டால் நீங்களே அழித்துவிடலாம். ரூட் கடவுச்சொல் உங்களிடம் இருந்தாலும் முதல் தடவை இப்படியே செய்து பழகுங்கள். இணையத்தில் பார்த்துவிட்டு சூடோ மேக் இன்ஸ்டால் என்று அடிக்கிற பழக்கம் நல்லதல்ல. யாரோ எழுதிய நூற்றுக்கணக்கான வரிகளுக்கு உங்கள் கணினியின் முழு அதிகாரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கிற வேலை அது.

கன்ஃபிகர் ஓடும்போது திரையில் நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும். சி கம்பைலர் இருக்கிறதா, இந்தத் தலைப்புக் கோப்பு இருக்கிறதா, அந்த ஃபங்ஷன் வேலை செய்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பரிசோதித்து ஆம், இல்லை என்று எழுதிக்கொண்டு போகும். முதல் தடவை பெரும்பாலானோர் இங்கேதான் நிற்பார்கள். திரையில் எழுத்தையும் கர்சரையும் வைக்க நனோ பாவிக்கிற கர்சஸ் லைப்ரரியைக் காணோம் என்று சொல்லி நின்றுவிடும். உடனே மனம் விட வேண்டாம். அதே கோப்புறையில் கன்ஃபிக் டாட் லாக் என்று ஒரு கோப்பு உருவாகியிருக்கும். எந்தப் பரிசோதனையில் எந்தக் கட்டளை என்ன பதில் தந்தது என்பதெல்லாம் அதில் எழுத்துக்கு எழுத்து இருக்கும். நீளத்தைப் பார்த்துப் பயப்படாமல் எரர், அதாவது பிழை, என்ற சொல்லைத் தேடிக்கொண்டு போங்கள். ஆளிடம் கேட்குமுன் இந்தக் கோப்பிடம் கேட்கப் பழகியவர்தான் பிற்காலத்தில் நல்ல நிர்வாகி ஆகிறார். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கர்சஸ் இல்லாவிட்டால் என்ன செய்வது? ரூட் அனுமதி உள்ளவர் இருந்தால் லிப்-என்கர்சஸ்-டெவ் பொதியைப் போட்டுத் தரச் சொல்லலாம். இல்லையென்றால் என்கர்சஸையும் இதே முறையில், இதே டாட்-லோக்கலுக்குள் கட்டிக்கொள்ளலாம். அதைக் கட்டும்போது எனேபிள்-வைட்-சி என்ற தெரிவை மறக்க வேண்டாம். ஒரு பைட்டுக்கு மேல் இடம் கேட்கிற எழுத்துகளை அந்த லைப்ரரி கையாள்வது அந்தத் தெரிவால்தான். ஆங்கிலம் மட்டும் எழுதுகிறவருக்கு அது இல்லாவிட்டாலும் தெரியாது. தமிழ் எழுதுகிறவருக்கு முதல் சொல்லிலேயே தெரிந்துவிடும். என்கர்சஸ் இயல்பாக நிலைத்த, அதாவது ஸ்டாட்டிக், லைப்ரரியாகவே கட்டப்படும். ஆகவே நனோவுக்குள்ளேயே சேர்ந்துகொள்ளும், தனியே தேடித் திரிய வேண்டியதில்லை. நனோவின் கன்ஃபிகரை மீண்டும் ஓட்டும்போது மட்டும் சிபிபிஃபிளாக்ஸ், எல்டிஃபிளாக்ஸ் என்ற இரண்டு மாறிகளில் உங்கள் டாட்-லோக்கலின் பாதையைச் சொல்லிவிட வேண்டும்.

அதற்குப் பிறகு மூலநிரலை ஓடக்கூடிய நிரலாக்குகிற மேக், பிறகு அதை உரிய இடத்தில் வைக்கிற மேக் இன்ஸ்டால். இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கன்ஃபிகர் ஒழுங்காக முடிந்தால் இவை பெரும்பாலும் தாமாகவே முடியும்.

நிறுவிய பிறகும் நனோ என்று அடித்தால் பழைய நனோதான் திறக்கிறது என்று சிலர் வருவார்கள். மூன்று விசயம் பாருங்கள். டாட்-லோக்கலுக்குள் இருக்கும் பின் கோப்புறை பாத் மாறியில் முன்னால் வருகிறதா? உபுண்டுவில் அந்தக் கோப்புறை இருந்தால் அடுத்த முறை உள்நுழையும்போது தானாகச் சேரும். ஆகவே வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள். அதே ஷெல்லில் இருந்தால் ஹாஷ், கழித்தல், ஆர் என்று அடியுங்கள். பழைய இடத்தை ஷெல் ஞாபகம் வைத்திருந்தால் அதை மறந்துவிடும். டைப், கழித்தல், ஏ, நனோ என்று அடித்தால் எந்தெந்த இடத்தில் நனோ இருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். முதலில் வருவதுதான் ஓடும்.

இனித் தமிழுக்கு வருவோம். கல்முனை என்ற சொல்லை ஒரு கோப்பில் எழுதிச் சேமித்து, டபிள்யூசி, கழித்தல், சி என்ற கட்டளையால் எண்ணிப் பாருங்கள். நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. யுனிகோடுக்கு ஏழு குறிகள்: க, ல, புள்ளி, ம, உகரக் குறி, ன, ஐகாரக் குறி. ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட். ஆக 21 பைட். வரி முடிவுக்கு ஒன்று சேர்த்து 22 என்று காட்டும். அந்த யூடிஎஃப்-8ஐ 1992 செப்டம்பரில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில் இருந்துகொண்டு ரொப் பைக்கோடு சேர்ந்து வகுத்தவரும் ஈடி எடிட்டரை எழுதிய அதே கென் தொம்ஸன்தான்.

இந்த 21 பைட்டும் எழுத்தாகத் தெரிய வேண்டுமானால் எடிட்டருக்கு மொழிச்சூழல் தெரிய வேண்டும். அதை லொகேல் என்கிறோம். லொகேல் சி என்று மட்டும் இருக்கிற சேவையகத்தில் தமிழ்க் கோப்பைத் திறந்தால் குப்பைதான் தெரியும். எடிட்டரைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. லினக்ஸில் இலங்கைத் தமிழுக்கென்றே டிஏ-எல்கே என்ற லொகேல் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. டெபியனில் லொகேல் டாட் ஜென் என்ற கோப்பில் அதன் வரிக்கு முன்னால் ஒரு ஹாஷ் குறி கிடக்கும். ரூட் அனுமதி உள்ளவர் அந்தக் குறியை எடுத்துவிட்டு லொகேல்-ஜென் ஓட்டினால் எல்லோருக்கும் கிடைக்கும். அதுவரைக்கும் யூடிஎஃப்-8 என்று முடிகிற எந்த லொகேலும் உதவும்.

கறுப்புத் திரையில் தமிழ் முழு அழகோடு தெரியும் என்று நான் வாக்குத் தர மாட்டேன். முனையம் என்பது சம அளவுக் கட்டங்களாலான திரை. கொம்பும் காலும் போட்டு விரிகிற நம் எழுத்து அந்தக் கட்டத்துக்குள் அடங்காது. எழுத்து ஓரிடத்தில் நிற்க, கர்சர் இன்னோரிடத்தில் நிற்கும். நீண்ட தமிழ்க் கட்டுரை எழுதுகிறவர் சாளர வடிவில் வருகிற ஈமாக்ஸைக் கட்டிக்கொள்வது நல்லது. 2020இல் வந்த 27ஆம் பதிப்பிலிருந்து எழுத்தை வடிவமைக்க ஹார்ஃப்பஸ் என்ற லைப்ரரியை அது பாவிக்கிறது. கட்டும்போது கன்ஃபிகரின் கடைசியில் வருகிற பட்டியலில் ஹார்ஃப்பஸுக்கு நேரே ஆம் என்று இருக்கிறதா பாருங்கள். இல்லை என்று இருந்தாலும் அது நிற்காமல் கட்டி முடித்துவிடும். பிறகு தமிழ் ஏன் உடைகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டிவரும்.

ஊர் அச்சகங்களில் இருக்கிற பழைய கோப்புகளின் கதை வேறு. அவை பாமினி எழுத்துருவில் அடித்தவை. பாமினியில் உம்மா என்று அடித்ததை எடிட்டரில் திறந்தால் சி, கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள்தான் இருக்கும். எந்த எடிட்டரை எப்படிக் கட்டினாலும் அது உம்மாவாகத் தெரியாது, ஏனென்றால் கோப்பில் தமிழே இல்லை. முதலில் யுனிகோடுக்கு மாற்ற வேண்டும். பள்ளிவாசல் மலர்களும் பாடசாலைச் சஞ்சிகைகளும் எத்தனையோ இப்படிக் கிடக்கின்றன.

இதுவரை விட்டுவைத்த விசயம் ஒன்று இருக்கிறது. நனோவின் கோப்பு எக்ஸ்இசட் என்று முடிகிறது என்றேன் அல்லவா? 2024 மார்ச் 29, நாம் நோன்பு பிடித்துக்கொண்டிருந்த ரமழான் மாதம். ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற மென்பொருள் பொறியியலாளர் ஓர் அறிவித்தலை வெளியிட்டார். தன் கணினியில் எஸ்எஸ்எச் மூலம் உள்நுழைய வழமையைவிட அரை நொடி கூடுதலாக எடுக்கிறது என்று ஆராயப் போனவர், சுருக்கும் மென்பொருளான அந்த எக்ஸ்இசட்டின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் ஒரு கள்ளக் கதவு இருப்பதைக் கண்டுபிடித்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் ஈராண்டுக்கும் மேலாக அந்தத் திட்டத்தில் உதவி செய்து, களைத்துப்போயிருந்த மூலப் பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்று, வெளியீட்டுப் பொறுப்பையும் கையில் எடுத்துக்கொண்டவர். அவர் யார் என்று இன்றைக்கும் உலகுக்குத் தெரியாது. நமக்கு இதில் பாடம் எங்கே என்றால், கள்ளக் கதவைத் திறக்கிற துணுக்கு எல்லோரும் பார்க்கிற பொதுக் களஞ்சியத்தில் இல்லை. நாம் இறக்கி டார் எக்ஸ்எஃப் போட்டு விரிக்கிறோமே, அந்த வெளியீட்டுக் கோப்பில்தான் இருந்தது. ஓடியது கன்ஃபிகர் கட்டத்தில்.

நபிமொழிகளை ஆராய்கிற ஹதீஸ் கலை படித்தவர்களுக்கு இதை விளங்கவைப்பது லேசு. ஒரு செய்தி வந்தால் அதன் வாசகத்தோடு அறிவிப்பாளர் வரிசையையும் பார்ப்பார்கள். மூலநிரலுக்கும் அப்படியொரு வரிசை உண்டு. ஷா-256 தொகையை ஒப்பிட்டால் கோப்பு வழியில் மாறவில்லை என்று தெரியும். ஜிபிஜி கையொப்பத்தைச் சரிபார்த்தால் அதை வெளியிட்டவர் யார் என்று தெரியும். நனோவுக்கு அந்தக் கையொப்பத்தைப் பல வருடமாக இட்டு வந்தவர் பென்னோ ஷூலன்பெர்க். ஆனால் எக்ஸ்இசட் விவகாரத்தில் வரிசை அறுபடவே இல்லை. கையொப்பம் சரி, தொகை சரி, அறிவிப்பாளர்தான் பிழை. வரிசையைப் பார்த்த இமாம்கள் அதில் வருகிற ஒவ்வொருவரின் நேர்மையையும் தனித்தனியே விசாரித்ததற்குக் காரணம் இருக்கிறது. கென் தொம்ஸனும் 1984இல் அச்சான தன் டியூரிங் விருது உரையில் இந்த இடத்துக்குத்தான் வந்தார்: முழுவதும் நீங்களே எழுதாத நிரலை முற்றாக நம்ப வழியில்லை என்று. இதைக் கேட்டுவிட்டு ஒன்றையும் நிறுவாமல் இருந்துவிடாதீர்கள். ஃப்ராயிண்ட் அதைப் பிடித்தது மூலநிரல் எல்லோருக்கும் திறந்து கிடந்ததால்தான். உத்தியோகபூர்வத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள், கையொப்பத்தைப் பாருங்கள், உங்கள் வளவுக்குள் நிறுவுங்கள், அவதானமாக இருங்கள்.

விம்மைக் கட்டுகிறவர்கள் அதன் முகப்பில் உகண்டாவின் ஏழைப் பிள்ளைகளுக்கு உதவுங்கள் என்ற வரியைக் காண்பார்கள். விளம்பரம் என்று நினைத்துத் தாண்டிவிட வேண்டாம். பிராம் மூலனார் 1994இல் தொண்டராகத் தெற்கு உகண்டாவின் கிபாலே என்ற ஊரில் ஒரு சிறுவர் நிலையத்தில் வேலை செய்தவர். எய்ட்ஸ் நோயால் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்து, தன் எடிட்டருக்குப் பணம் தர விரும்புகிறவர்கள் அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்று எழுதிவைத்தார். 2023 ஆகஸ்ட் 3ஆம் திகதி, 62 வயதில் அவர் காலமானார். எடிட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, அந்த வரி இன்னும் தெரிகிறது. ஸதக்கத்துல் ஜாரியா, அதாவது கொடுத்தவர் இறந்த பிறகும் நன்மை தொடர்கிற தர்மம், என்று நாம் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் மென்பொருள் உலகில் எனக்குத் தெரியாது. நம் மார்க்கத்தவர் அல்லர் என்பதால் அதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

முடிக்குமுன் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஆய்வுகூடத்தில் லினக்ஸ் இருக்கிற கணினி ஒன்றேயொன்றாக இருந்தாலும் அதில் சி கம்பைலரையும் மேக்கையும் என்கர்சஸின் டெவ் பொதியையும் ஒருமுறை போட்டுவையுங்கள். டிஏ-எல்கே லொகேலையும் திறந்துவிடுங்கள். நனோ, விம், என்கர்சஸ் மூன்றின் மூலநிரல்களையும் கையொப்பங்களோடு ஒரு பென் டிரைவில் இறக்கி அலுமாரியில் வையுங்கள். பிள்ளைகளிடம் கேட்பது இது: கட்டும்போது என்ன பிழை வந்தது, கன்ஃபிக் டாட் லாக்கில் என்ன இருந்தது, எப்படித் தீர்த்தீர்கள் என்பதைத் தமிழில், யுனிகோடில், நீங்களே கட்டிய அந்த எடிட்டரிலேயே எழுதிப் பென் டிரைவில் சேர்த்துவிடுங்கள். அடுத்த வருடம் வருகிற தம்பிமாரும் தங்கைமாரும் அதை வாசிப்பார்கள்.